எல்லாரும் கடைசிக் கட்டத்தில் புள்ளடி போட்ட நாள்

இதை எழுதச் சொன்னது, இதில் வருகிற அந்தப் பிள்ளைதான். "பேரு மட்டும் போடாதீங்க ஆயம்மா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. என் பெயரும் வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் கிடையாது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். அதனால் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் நான் ஆயம்மா. ஓய்வு கொடுத்த பிறகும் காம்பராவின் சாவி என்னிடமே இருக்கிறது. வேறு யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் ஒன்றை வாசித்துவிட்டால் அது என்ன, ஏன் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறவரைக்கும் மனசு அதையே சுற்றிக்கொண்டு நிற்கும். யாரிடமாவது கேட்கலாம்தான். வாய் வராது. பிறந்ததிலிருந்தே கூச்சம்.

எங்கள் தோட்டம் மாத்தளைப் பக்கம், ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் இருக்கிறது. அங்கே காற்றுக்காலம் வந்தால் கூரைகளுக்கு உத்தரவாதம் இல்லை. இந்தக் கதை நடந்த வருசம் பள்ளிக்கூடத்துக் கூரையில் பாதியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் போட்டது. பெரிய வகுப்புப் பிள்ளைகளை எங்கே வைத்துப் படிப்பிப்பது என்று பார்த்து, கடைசியில் பிள்ளைக்காம்பராவைத் திறந்துவிடச் சொன்னார்கள். நான் தொட்டில் ஆட்டிய பிள்ளைகள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, மீசை அரும்பிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். எனக்கு அது பெரிய வேடிக்கை.

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வீடுகளுக்கு வந்தது. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸ் வருகிறார், பிள்ளைகளின் மனநிலை பற்றி ஒரு கேள்விக்கொத்து கொடுப்பார், பிள்ளைகளே கட்டத்தில் புள்ளடிக் குறி போட்டுப் பதில் சொல்ல வேண்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று இருந்தது. அன்றைக்குப் பொழுது சாய, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் இதே பேச்சுத்தான்.

"மனசப் பத்திக் கேப்பாங்களாம்."

"மனசையா? அதக் கேட்டு என்ன பண்ணப் போறாங்க?"

"சும்மாவா கேப்பாங்க? குடுக்குறதுக்கு என்னமோ வந்திருக்கு. அதான் கேக்குறாங்க."

கடைசியாகப் பேசியவள் எனக்கு அடுத்த காம்பராக்காரி, அதாவது லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி. இந்தக் கதையில் வருகிற பிள்ளையின் அம்மா. பெரிய வாய். ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் எங்கள் லயத்தில் பாதிப்பேருக்கு எந்த நிவாரணமும் வந்திருக்காது. யாரைப் பார்க்க வேண்டும், எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்க வேண்டுமே. எங்கள் பக்கம் நிரப்பச் சொல்லி ஒரு தாள் வருகிறது என்றால், உங்களிடம் என்ன இல்லை, எவ்வளவு இல்லை என்று கேட்கத்தான் வரும். எவ்வளவுக்கு இல்லையோ அவ்வளவுக்குக் கிடைக்கும். ஒரு பெரிய மழைக்குப் பிறகு கூரை பார்க்க வந்தவர்கள் என்னிடம், "ஒழுகுதா?" என்று கேட்டார்கள். "கொஞ்சந்தான்" என்றேன். வந்தவர்களிடம் அதற்கு மேல் பேசக் கூச்சமாக இருந்தது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் புதுத் தகரம் வந்தது. எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து லயத்தில் நான்தான் உதாரணம்.

"நாலு கட்டம் இருக்குமாம்" என்றாள் அடுத்த காம்பராக்காரி. "கீழ் டிவிசன் ஸ்கூல்ல போன மாசமே நடந்திருச்சு. கடைசிக் கட்டந்தான் ரொம்பக் கஷ்டம்ங்கிறது. எல்லாப் புள்ளைங்களையும் அதுலயே புள்ளடி போடச் சொல்லுங்க. நம்ம ஆயம்மா மாதிரி 'கொஞ்சந்தான்'னு சொல்லிப்புட்டு வந்து மழைக்குச் சட்டி வச்சிக்கிட்டு இருக்காதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மகள் அப்போதுதான் வாளியோடு வந்தாள். "நான் ஆயம்மா கட்சி" என்று சொல்லி என் பக்கம் வந்து நின்றுகொண்டாள். "உத்தியோகம் பாத்து நானே ஆயம்மாவுக்குத் தகரம் வாங்கிக் குடுப்பேன்."

"மொதல்ல கணக்குல பாஸ் பண்ணுடி. அப்பறம் தகரம் வாங்கலாம்" என்றாள் தாய். மறுபடியும் சிரிப்பு. அந்தப் பிள்ளை எப்போதும் அப்படித்தான். அவள் வந்தால் அந்த இடம் கலகலவென்று ஆகிவிடும்.

மிஸ் வந்த நாளில் எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைவிடக் குள்ளம். குடையும் பையுமாக, கால் நிறையச் சேறு. "கால் கழுவ எங்கம்மா தண்ணி இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் இவர்தான் மிஸ் என்று விளங்கியது. பிள்ளைகளை இடம் விட்டு இடம் விட்டு உட்கார வைத்தார். இது பரீட்சை இல்லை, சரி பிழை இல்லை, போன இரண்டு கிழமையாக, அதாவது பதினாலு நாளாக, உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் போடுங்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

நான் பின்பக்கம் அடுப்பில் பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். மேசையில் ஒரு தாள் மிச்சமாகக் கிடந்தது. மெல்ல எடுத்துக்கொண்டுபோய் அடுப்பு வெளிச்சத்தில் வாசித்தேன்.

எனக்கு அது கேள்விப்படாத புதினமாக இருந்தது. எதிலும் விருப்பம் இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்துபோய் இருந்ததா? தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி? ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம். இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், கிட்டத்தட்டத் தினமும். சாப்பாட்டுக் கேள்வியில் பசி இல்லாததையும் மிதமிஞ்சிச் சாப்பிடுவதையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டையும் எப்படி ஒரே கட்டத்துக்குள் போட்டார்கள் என்று யோசித்தேன். அப்புறம், உடம்பில் தெம்பில்லாமல் களைப்பாக இருந்ததா என்று ஒன்று. மலையில் நிற்கிற பொம்பிளைகளைக் கேட்டால் அத்தனை பேரும் கடைசிக் கட்டம் என்றுதானே சொல்வார்கள்? அது பொய்யும் இல்லை. மலை ஏறிய களைப்பையும் மனசுக்குள் இருக்கிற களைப்பையும் இந்தத் தாள் எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

கடைசிக் கேள்வியை வாசித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்று கேட்டிருந்தது. பிள்ளைகளிடம் போய் இதைக் கேட்பார்களா, கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதா என்று பயந்துபோனேன். அதை வெகுநாள் கழித்து மிஸ்ஸிடம் கேட்டேவிட்டேன். கேட்பதால் அது வராது, ஏற்கனவே அந்த நினைப்பு இருக்கிறவர்களுக்கு ஒருத்தர் கேட்டாரே என்று பாரம் குறையும் என்றார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிந்தது.

தாள்களைச் சேர்த்து வாங்கிய மிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்ததையே மறுபடியும் பார்த்தார். வகுப்புக்குப் பொறுப்பான வாத்தியார் சேரைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனாலும் அந்தக் காம்பராவில் எது பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும்.

"சேர், இந்தப் பிள்ளைகள்ல ஒருத்தரக்கூட இன்னைக்கி பேசாம வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரு தாளத் தவிர எல்லாருமே எல்லாத்துக்கும் கடைசிக் கட்டம். அந்தக் கடைசிக் கேள்விக்கும்."

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்த இரட்டைப் பின்னல்காரி எழுந்து நின்றாள்.

"மிஸ், பேரு வந்தா ஸ்கூல்ல ஒட்டுவீங்களா?"

"என்ன பேரு?"

"சாமான் கெடைக்கிறவங்க பேரு."

"என்ன சாமான்?"

"அதான் மிஸ் எங்களுக்குந் தெரியல. அரிசியா, தகரமா?"

மிஸ் அப்படியே பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அது கைப்பிள்ளைகளுக்குச் செய்த குட்டி வாங்கு. முழங்கால் இரண்டும் நாடிக்கு வந்தன. அப்புறம் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். சேருக்குக் கோபம்.

"மானத்த வாங்கிட்டீங்களேடா! ஒங்களுக்கெல்லாம் அறிவிருக்கா?"

"ஏசாதீங்க சேர். தப்பு என் பேர்லதான். எதுக்குக் கேக்குறேன்னு சொன்னேன். ஒண்ணும் குடுக்க மாட்டேன்னு சொல்லலையே."

சேர் தாள்களை வாங்கிப் புரட்டினார். ஒரு தாளில் கை நின்றது. அதில் எல்லாப் புள்ளடியும் முதல் கட்டத்தில். இல்லவே இல்லை, இல்லவே இல்லை என்று மேலிருந்து கீழ்வரைக்கும். "பாருங்கடா, இவ ஒருத்தியாச்சும் உண்மைய எழுதிருக்கா" என்று அந்தப் பிள்ளையை எழும்பி நிற்கச் சொன்னார். என் அடுத்த காம்பராப் பிள்ளை. அவள் சிரித்துக்கொண்டு, கழுத்துப்பட்டியின் நுனியைப் பிய்த்துக்கொண்டு நின்றாள். "நீ போகலாம். மத்தவங்கல்லாம் இருந்து மிஸ்ஸோட பேசிட்டுத்தான் போகணும்" என்றார் சேர். பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னபடியே ஆயம்மா கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தி தாய்மார் பால் கொடுக்க வந்து உட்காருகிற சின்ன அறை ஒன்று உண்டு. மிஸ் ஒவ்வொரு பிள்ளையாக அங்கே கூப்பிட்டுப் பேசினார். சிலர் உடனே வெளியே வந்தார்கள், சிலர் கொஞ்சம் தாமதித்து. மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியது. டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று சேர் வாசலுக்கும் பாதைக்குமாக நடந்தார்.

எல்லாரும் போன பிறகு மிஸ்ஸுக்கு ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுபோய் வைத்தேன். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு குணம் இருக்கிறது. பேச்சில்லாமல் ஒரு ஆளோடு நிற்க நேர்ந்தால் வாயில் என்னமோ ஒன்று தானாக வந்து விழும்.

"கடைசிக் கட்டத்துல போடச் சொல்லிக் குடுத்ததே அந்தப் புள்ளையோட அம்மாதான் மிஸ். ஊருக்கே சொன்னா. சொன்னவ மகளே போடல, பாருங்க" என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்புக்காகச் சொன்னதுதான். அதில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மிஸ் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். அடுக்கில் சேராமல் தனியாக ஒரு தாள் ஏற்கனவே மேசை ஓரத்தில் இருந்தது. அதைக் கையில் எடுத்தார்.

"இது எனக்கு அப்பவே உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு ஆயம்மா. பரீட்ச வருது. ஒரு நாள்கூடத் தூக்கம் கெடல, ஒரு நாள்கூடக் களைப்பில்ல, ஒரு நாள்கூட மனசு சரியில்லாம இல்லன்னா? நானே அப்படிப் போட மாட்டேன். நாளைக்கி வந்து கூப்புட்டுப் பேசுவோம்னு எடுத்து வச்சேன்." தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா சொல்லியும் போடலன்னா, யோசிச்சித்தான் போட்டிருக்கு. நாளைக்கின்னு விட மனசு வரல. வீடு எங்க?"

"எங்க லயந்தான்."

"கூட்டிட்டு வர முடியுமா?"

போனேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தாய் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. பிள்ளை பின்வாசல் படியில், தேயிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடுப்பு மாற்றவில்லை. பை தோளிலேயே இருந்தது. அழவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பையைக் கழற்றி வைக்கவும் தெம்பில்லாத மாதிரி இருந்தாள். அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இல்லை, இப்படி உட்கார்ந்திருந்த நாள்களில் நான் பார்க்கவில்லை.

"மிஸ் கூப்புடுறாங்கடி."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு போட்டேனே ஆயம்மா."

"அதப் பத்தித்தான் கேக்கணுமாம்."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். எழுந்து வந்தாள். அவள் பேசாமல் நடந்தபோதுதான் அந்தப் பாதையில் ஓடைச் சத்தம் இவ்வளவு கேட்கும் என்பதே எனக்குத் தெரிந்தது.

மிஸ் பஸ்ஸை விட்டுவிட்டார். சேர் தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவருக்குப் போன் போட்டுவிட்டு வெளியே நின்றார். சின்ன அறையில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியே பார்த்தேன், அது என் புத்தி. இரண்டு முதுகுகள் தெரிந்தன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பிள்ளையின் முதுகு குலுங்கியது. மிஸ் தட்டிக் கொடுக்கவில்லை, அழாதே என்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படியே இருந்தார். நான் அந்த இடத்தை விட்டுப் போய், கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவினேன்.

யாரோ போய்ச் சொல்லி, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியோடு தாய் ஓடிவந்தாள்.

"எம்புள்ளைக்கு என்னா? பைத்தியம்னு எழுதிட்டீங்களா?"

"இல்லம்மா. அப்படி ஒண்ணும் எழுதல. மகளுக்குக் கொஞ்ச காலமா மனசு ரொம்பச் சொகமில்ல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் இருப்பேன், டாக்டரும் பாப்பாங்க."

"சிரிச்சிக்கிட்டுத் திரியுற புள்ள மிஸ்! யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க! ஆயம்மா, சொல்லுங்களேன்!"

பிள்ளைதான் சொன்னாள். "அம்மா, சத்தம் போடாதீங்க. எனக்கு முடியலம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். தாயின் வாய் நின்றது. அந்த வாய் நின்று நான் கண்டது அன்றைக்குத்தான். படங்கை அவிழ்த்து மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்குச் சின்னதான பிறகு, "என்னிக்கி வரணும் மிஸ்?" என்று கேட்டாள்.

முதல் தடவை தாய் போனாள். அப்புறம் வேலைக்கு வந்ததாகப் பேர் விழாவிட்டால் சம்பளம் குறையும் என்பதால், துணைக்கு நான் போகத் தொடங்கினேன். அப்படி ஒரு நாள் மாத்தளைக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"எனக்கு நெசமாவே கடைசிக் கட்டந்தான் வந்துச்சு ஆயம்மா, நெறையக் கேள்விக்கு. போடத்தான் போனேன். பக்கத்துல பாத்தா அவளும் அதையேதான் போடுறா. அந்தப் பக்கமும் அதேதான். எல்லாம் தகரத்துக்கு. நானும் போட்டா என்னதும் தகரத்துக்குன்னுதானே ஆகும்? அதான் கோவத்துல எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டேன்."

இன்றைக்கும் அதை நினைத்துப் பார்ப்பேன். கேட்டதற்கு உண்மையான பதில் அவள் கையில் இருந்தது. அதைப் போட இடம் இல்லாமல் நாங்கள் எல்லாருமாக நிரப்பி வைத்திருந்தோம். அந்தப் பீலிக்கரைச் சிரிப்பில் என் சிரிப்பும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் அதே தாளைக் கொடுப்பார்கள். முதலில் ஏன் என்று விளங்கவில்லை. ஒருதரம் கேட்டாகிவிட்டதே! போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கத்தான் என்றார் மிஸ். கொஞ்சம் பழகிய பிறகு என் களைப்புக் கேள்வியையும் கேட்டேன், மலைக்களைப்பையும் மனசுக்களைப்பையும் அது எப்படிப் பிரிக்கும் என்று. "அது பிரிக்காது ஆயம்மா" என்றார். "யாரோட மொதல்ல பேசணும்னு மட்டுந்தான் சொல்லும். சில நேரம் அதையும் தப்பாச் சொல்லும். மத்தது பேசித்தான் தெரியணும்." அவர் அப்படி ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

பீலிக்கரையில் தாய் சொல்லி வைத்திருந்தது வேறு. மகளுக்குக் கண் பார்வை மங்கல், கண்ணாடி போட டவுனுக்குப் போகிறாள் என்று. அது சில மாதம் ஓடியது. ஒரு நாள் ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"இத்தன தடவ போயும் கண்ணாடியக் காணமே? தங்கத்துல செய்றாங்களா?"

தாய் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தாள். குடம் நிறைந்து வழிந்தது. "கண்ணுக்குப் போகல. மனசுக்குத்தான் போறா" என்றாள். "அன்னைக்கி என் பேச்சக் கேட்டு எல்லாரும் போட்டீங்களே. அதுல எம்புள்ளைக்கு மட்டும் நெசமாம்."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி பற்றிக் கேட்டாளே, அவள்தான் குரலைத் தாழ்த்தி, "அந்த மிஸ் எந்தெந்தக் கெழமையில இருப்பாங்க?" என்று கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று எனக்கு அறிய ஆசை. இன்னும் கேட்கவில்லை.

போன முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நல்ல கூட்டம். வாங்கில் உட்கார்ந்து பிள்ளை தன் தாளை நிரப்பினாள். நான் எட்டிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒங்களுக்கும் வேணுமா ஆயம்மா? வாங்க, நான் வாசிக்கிறேன். ரெண்டு கெழமையா களைப்பா இருந்துச்சா?"

"கொஞ்சந்தான்."

"கொஞ்சந்தான்னு ஒரு கட்டம் இல்ல! சில நாளா, பாதிக்கு மேலயா?"

யோசித்தேன். கூரை ஒழுகுதா, பிள்ளை பால் குடித்ததா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் இரண்டு கிழமையைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. "சில நாள்" என்றேன். தூக்கத்துக்கு, "பாதிக்கு மேல" என்றேன். அவள் அதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப நீ?" என்று கேட்டேன். வாய் எப்படி வந்ததோ.

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். புள்ளடிகள் ஒன்று இங்கே, ஒன்று அங்கே கிடந்தன. கடைசிக் கட்டத்தில் ஒன்று இருந்தது, அது தூக்கத்துக்கு. முதல் கட்டத்தில் இரண்டு மூன்று. மிச்சமெல்லாம் நடுவில். அடியில் இருக்கிற அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கே போட்டிருக்கிறாள் என்று என் கண் தானாக ஓடியது. முதல் கட்டம், இல்லவே இல்லை.

அவளும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல இருக்குல்ல ஆயம்மா" என்றாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பையை என் மடியில் வைத்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு போனாள்.